கூட நடக்கிறவர்

“பழசையே மாட்டிடு ப்ரீதா. இந்தப் புதுக் கணுக்கால் எனக்கு வேண்டாம்.”

செயற்கைக்கால் பொருத்தும் ப்ரீதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இப்போதுதான் விசாலாக்ஷி நடைப் பயிற்சிக்கான சரிவுப் பலகையில் மளமளவென்று ஏறி இறங்கியிருந்தாள். பஸ் விபத்தில் இடது கால் போன இந்த இரண்டு வருஷத்தில் அவள் இப்படி நடந்ததே இல்லை. பழைய கணுக்கால் மடங்காது. மேடு வந்தால் பக்கவாட்டில் திரும்பி, பிடித்துப் பிடித்து ஏற வேண்டும். புதியது தரைக்குத் தகுந்தபடி வளைந்து கொடுத்தது.

“வலிக்குதா ஆன்ட்டி?”

“சேச்சே, ஜம்முனு இருக்கு. அதான் தொந்தரவே.”

“அச்சா? புரியலையே.”

விசாலாக்ஷி வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். கணவர் அனந்தகிருஷ்ணன், புதுக் காலுக்கு ஏற்ற தட்டையான ஷூ வாங்க ஆட்டோவில் மார்க்கெட் போயிருந்தார்.

“தினம் சாயங்காலம் ரெண்டு பேருமா மதர் டெய்ரிக்குப் பால் வாங்க நடந்து போவோம். முன்னெல்லாம் அவர் பாட்டுக்கு விடுவிடுன்னு போயிடுவார், நான் பின்னாலயே ஓடணும். எனக்குக் கால் போனதுக்கப்புறம் அவருக்கும் முட்டி வலி வந்துடுத்து. இப்பதான் சேர்ந்து நடக்கறோம். ஆபீஸ் புராணம் பூரா அப்பதான் சொல்லுவார். நான் இதை மாட்டிண்டு விறுவிறுன்னு போனா, பாவம், அவர் தனியா நொண்டிண்டு வரணும்.”

“நீங்க மெதுவா நடங்களேன்.”

“அவருக்காகத்தான் மெதுவா வரேன்னு தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிடுவார். முப்பது வருஷம் கூடவே இருக்கற மனுஷன்கிட்ட அப்படியெல்லாம் நடிக்க முடியுமா? மறுநாளே கண்டுபிடிச்சுடுவார்.”

அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. மலை மந்திர் படியேறி முருகனைப் பார்க்கலாம் என்று காலையில்கூட நினைத்தாள். புதுக் கணுக்காலை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டாள். ப்ரீதா அரைமனதோடு பழையதைக் கையில் எடுத்தாள்.

“பையா, ருக்கோ! ருக்கோ!”

ஆட்டோக்காரனை நிறுத்தச் சொல்லிக் கத்தும் பழகிய குரல். இருவரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். ஒரு ஆட்டோ கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்சீட்டில் மறந்துவிட்ட ஷூப் பெட்டி. நடுரோட்டுத் தடுப்பை ஒரே தாவாகத் தாண்டி, தலைதெறிக்க ஓடி, சிக்னலுக்கு முன்னாலேயே ஆட்டோவைப் பிடித்துவிட்டார் அனந்தகிருஷ்ணன்.

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாகத் திரும்பி வந்தவர், கட்டட வாசலை நெருங்கியதும் முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்ட ஆரம்பித்தார்.

விசாலாக்ஷிக்குக் கண் நிறைந்துவிட்டது.

“புதுசையே நல்லா இறுக்கிடும்மா,” என்றாள். “இன்னிக்குப் பாலுக்குப் போறச்சே மனுஷன் ஓடி வந்துதான் என்னைப் பிடிக்கணும்.”