மருந்தடிக்காத பாத்தி

மலேசியாவின் செனாய் ஆராய்ச்சிப் பண்ணையில் வெயில் இன்னும் ஏறவில்லை. கீரை இலைகளில் பனி மினுங்குகிறது. மருந்தடித்த பாத்தியோடு அடிக்காத பாத்தியை ஒப்பிட்டுப் பார்க்க வந்த பஸீலா, அடிக்காத பாத்தியின் முன் திகைத்து நிற்கிறாள். நேற்றுவரை மொய்த்த புழுக்களில் ஒன்றுகூட இல்லை. களையெடுக்கும் இந்திராணி மைலோ டின்னை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறாள். உள்ளே, அவள் பொறுக்கிப் போட்ட பச்சைப் புழுக்கள் நெளிகின்றன. “இந்தப் பாத்தியப் புழு தின்னணும்க்கா. அப்பதான் மருந்து வேலை செய்யுதான்னு தெரியும்,” என்கிறாள் பஸீலா. “தின்னுறதப் பார்த்துக்கிட்டு எப்படிலா சும்மா இருக்கிறது?” பஸீலா டின்னை வாங்கிக் குந்துகிறாள்; புழுக்களை ஒவ்வொன்றாக இலைகளில் விடுகிறாள். தலைக்கு மேல் ஒரு விமானம் இரைந்தபடி இறங்குகிறது. சத்தம் அடங்கியதும் இந்திராணியும் பக்கத்தில் குந்துகிறாள். ஒரு கையால் குருத்தை மூடிக்கொண்டு, மறு கையால், பழுத்த இலைகளாகப் பார்த்துப் புழுக்களை விடுகிறாள்.