வெள்ளாட்டு டீச்சர் மிச்சம் வைத்தது

பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்த வெள்ளாட்டு டீச்சருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பிடிக்காத பத்தியை அவர் அடிக்க மாட்டார், தின்றுவிடுவார். சினிமா போஸ்டரையே பசையோடு தின்று தீர்த்தவர் அவர்.

'எங்கள் வீடு' என்ற தலைப்பில் செவலை நாய்க்குட்டி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தது.

"உயிர்களுக்கு வீடு இன்றியமையாதது" என்று முதல் பத்தி தொடங்கியது. டீச்சர் அதைத் தின்றார். "வீடுகள் பலவகைப்படும்" என்றது அடுத்தது. அதையும் தின்றார். "ஆன்றோர் அன்றே சொன்னார்கள்" என்ற மூன்றாவதை அவர் மெல்லும்போது குட்டிக்கு அழுகையே வந்துவிட்டது.

"முன்னுரை முழுக்கப் போச்சே டீச்சர்! மூணு சுத்து சுத்தாம எனக்குப் படுக்கவே வராது. எழுதறதும் அப்படித்தான்."

"நல்லா சுத்து கண்ணு. சுத்தினதை நான் சாப்பிட்டுக்கறேன். நீ எங்க வந்து படுத்திருக்கன்னு பார்ப்போம்."

தாளின் அடியில் மூன்று வரிகள்தான் மிச்சம் இருந்தன.

'எங்கள் வீடு டீக்கடை பெஞ்சுக்கு அடியில் இருக்கிறது. அதில் எனக்கும் தங்கைக்கும்தான் இடம். மழை வந்தால், தனக்கு நனையப் பிடிக்கும் என்று சொல்லி அம்மா வெளியே படுத்துக்கொள்வாள்.'

டீச்சரின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. அந்தத் துண்டுத்தாளை அவரே சுவரில் ஒட்டினார். சாயங்காலம் தன் மந்தை மொத்தத்தையும் அங்கே அழைத்து வந்தார். குட்டி வாலைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றது.

"எங்க செவலை எழுதினது" என்றார் டீச்சர், கழுத்துமணி குலுங்க. "எல்லாரும் எட்ட நின்னு படிங்க."