இசக்கியம்மாளின் கை

மீன் சந்தையில் ரோஸ்லின் யாரிடமும் இயேசுவைப் பற்றிப் பேசியதில்லை. வருகிறவர்கள் கேட்காமலேயே, மீன் புதிதா பழசா என்று தெரிய அதன் செவுளைத் தூக்கிக் காட்டுவாள், அவ்வளவுதான். கூட்டம் அவளிடமே மொய்த்தது. பக்கத்துக் கடை இசக்கியம்மாளுக்கு வயிறு எரிந்தது. மாதா கோயில் கொடியேற்றத்துக்குப் போய் ரோஸ்லின் வராத அன்று, இசக்கியம்மாள் முந்தின நாள் மிஞ்சிய பாறை மீனைக் கழுவிப் பளபளவென்று அடுக்கிவைத்துக் காத்திருந்தாள். ஒரு பெண் வந்து நின்றாள்.

"பாறை எப்படிக்கா இருக்கு?"

இப்போதுதான் கரைக்கு வந்தது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் இசக்கியம்மாளின் கை செவுளைத் தூக்கிவிட்டது. உள்ளே வெளுத்துக் கிடந்தது.

"நேத்து மீனு தாயி. இன்னைக்கு வந்த சாளை மீனு எடுத்துக்கோ."

"நீங்களும் ரோஸ்லின் அக்கா மாதிரியேதான்" என்று அவள் சிரித்தாள்.

இசக்கியம்மாள் அந்தக் கையை வாளித் தண்ணீரில் முக்கித் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அடுத்த ஆள் வந்தபோது அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.