நாற்பத்தோராவது வரி

பாலை நாலு டிகிரியில் குளிரவைக்கும் நாற்பது நிலையங்களின் வெப்பநிலைத் தகவலை ஒரே இடத்தில் திரட்ட எந்தக் கிளவுட் மென்பொருள் தேவலை என்று, மதுரை அலுவலகத்தில் ஸ்ரீலட்சுமி இரண்டைச் சோதனைக்கு எடுத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். முதலாவது, நிலையத்துக்கு ஒன்றாக நாற்பது வரி காட்டியது. இரண்டாவது நாற்பத்தொன்று காட்டியது.

கூடுதல் வரி உசிலம்பட்டி நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சோணையம்மாள் பெயரில், அன்று காலைத் தேதியில் இருந்தது. அவர் இறந்து எட்டு மாதமாகிறது. அந்த நிலையத்தையும் மூடிவிட்டார்கள். தகவல் அனுப்பும்போது குறிப்புக் கட்டத்தில் நலம் விசாரிப்பது அவர் வழக்கம். இந்த வரியின் கட்டத்திலும் எழுதியிருந்தது:

"சாப்ட்டியா தாயி? மேலூர் டேங்க்கு நாலு டிகிரின்னு பொய் சொல்லுது. பாலை ஏத்த விடாத."

ஸ்ரீலட்சுமி மேலூர் நிலையத்துப் பாண்டிச்செல்வியைப் போனில் பிடித்தாள். "அக்கா, டேங்கைக் கையால தொட்டுப் பாருங்க."

"ஆத்தி, வெதுவெதுன்னு இருக்கே! வண்டி வாசல்ல நிக்குது. இதையும் ஏத்திருந்தா வண்டிப் பால் அம்புட்டும் கெட்டு, என் வேலையும் போயிருக்கும். நீ நல்லா இருப்ப தாயி!"

"என்னைச் சொல்லாதீங்க அக்கா" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மேலாளர் ராஜபாண்டி வந்தார். "ரெண்டுல எதும்மா வாங்கலாம்? ரெண்டாவதுக்கு எண்ணவே தெரியல போல?"

அவள் மேலூரில் நடந்ததைச் சொல்லி, திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் இரண்டு முறை படித்தார்.

"இதையே வாங்கு. அந்தக் கூடுதல் வரியைச் சரிபண்ணுங்கன்னு மட்டும் கம்பெனிக்காரங்ககிட்டச் சொல்லிராத."