பன்னிரண்டைத் தாண்டக்கூடாது

“மிதிய்யா! இன்னும் மிதி!” வயிற்றோடு சால்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்து இருக்கையிலிருந்து அவள் கத்தினாள்.

“மிதிச்சிட்டுதான் இருக்கேன். முன்னால லாரி நிக்குதுடி!”

“ஐயோ, ஏறுது! காலை எடு!”

மெக்கானிக் காலை எடுத்தான். கார் பெருமூச்சு விட்டு அடங்கியது. மனைவி சால்வையை விலக்கினாள். மடியில் மடிக்கணினி. வெயிலில் திரை தெரியவில்லை என்று போர்த்தியிருந்தாள்.

“பதிமூணைத் தொட்டுடுச்சு. பெட்ரோல் பத்தல.”

டர்போ, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். காற்றுக்கேற்ற பெட்ரோல் போகாவிட்டால் சூடேறி பிஸ்டன் உருகும். பெரிய பம்ப், பெரிய இன்ஜெக்டர் எல்லாம் மாட்டியாகிவிட்டது. எந்த இடத்தில் எவ்வளவு பெட்ரோல் என்பதைத்தான் ஓட்டிப் பார்த்துத் திருத்த வேண்டும். முழு மிதியில் ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பன்னிரண்டு பங்கு காற்று. அதற்கு மேல் கூடாது.

வண்டியைக் கொண்டுவந்து விட்டவன் உரிமையாளரின் மைத்துனன். “எங்க மாமா கேக்கப்போற முதல் கேள்வியே பன்னெண்டு தாண்டுச்சாங்கறதுதான்” என்று பயமுறுத்திவிட்டுப் போயிருந்தான். சாயங்காலம் வண்டியை எடுக்க ஆள் வரும். இது அவர்களுடைய முதல் டர்போ வேலை. பிஸ்டன் உருகினால் கடைப் பேரும் சேர்ந்து உருகும்.

“கூட்டிட்டேன். இன்னொரு தடவ போ” என்றாள்.

“காலி ரோட்டுக்கு எங்கடி போறது?”

“இந்தக் கதவையாவது சரி பண்ணித் தொலைச்சிருக்கலாம். இழுத்து இழுத்து நகம் போச்சு. உன் பக்கமா ஏறித் தாண்டி வரவேண்டியிருக்கு.”

“அது நம்ம வேலை இல்ல.”

பின்னால் சைரன் அலறியது. போக்குவரத்துக் காவலர் ஒருவர் மோட்டார் பைக்கில் வந்து மறித்தார். ஹெல்மெட்டுக்குள் மீசை மட்டும் தெரிந்தது.

“என்ன தம்பி, ராக்கெட் விடறீங்களா?”

வண்டியைப் பிடித்து வைத்தால் எல்லாம் போச்சு. மெக்கானிக்கின் கண் மனைவி பக்கம் போனது. அவள் பயத்தில் கணினியைப் பாதி மூடிச் சால்வைக்குள் அணைத்திருந்தாள். வயிறு நன்றாகவே உப்பியிருந்தது.

“பிரசவ வலி சார்!”

அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்துவிட்டு, “அம்மா...” என்று முனகினாள்.

காவலர் அவள் பக்கம் சுற்றி வந்தார். கைப்பிடியைத் தூக்கி, முட்டியால் ஒரு தட்டுத் தட்டிக் கதவைத் திறந்தார். சால்வைக்குள்ளிருந்து டேஷ்போர்டுக்குப் போகும் ஒயரைப் பார்த்தார்.

“பெல்ட்டை வயித்துக்குக் கீழ போடும்மா. எத்தனை மாசம்?”

“ஒம்போது” என்றான் அவன். “ஏழு” என்றாள் அவள்.

“அவசரம்தான்” என்றார் காவலர். “என் பின்னால வாங்க. பாலத்துல வண்டிங்களை நிறுத்தி வைக்கறேன். தாண்டினா ஆஸ்பத்திரி வரைக்கும் ரோடு துடைச்சு விட்ட மாதிரி இருக்கும். பயப்படாம மிதிங்க.”

சொன்னபடியே பாலத்தில் லாரிகளை ஓரங்கட்டினார். கார் அவரைக் கடந்தபோது, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடி நின்றார்.

“நமக்காக வேண்டிக்கறாருடி. பாவம், நல்ல மனுஷன்.”

“அப்புறம் அழலாம். மூணாவது கியர். விடாத, மிதி!”

டர்போ விசிலடித்தது. முதுகு இருக்கையில் அப்பிக்கொண்டது.

“பதினொண்ணரை... பதினொண்ணே முக்கா... நிக்குது! நிக்குதுய்யா!” பிரசவ வலி மறந்து அவள் கைதட்டினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியோடு இரண்டு பேர் காத்திருந்தார்கள். காவலர் வயர்லெஸ்ஸில் சொல்லியிருக்க வேண்டும்.

“இப்ப என்னய்யா பெத்துக் குடுக்கறது?” என்று பல்லைக் கடித்தாள்.

“வலி நின்னுபோச்சுன்னு சொல்லிப் பாரு.”

அதற்குள் பைக் பக்கத்தில் வந்து நின்றது. நாற்காலிக்காரர்களைக் கையசைத்துத் திருப்பி அனுப்பிய காவலர், ஹெல்மெட்டைக் கழற்றினார். பானட்டை ஒரு முறை தடவிக் கொடுத்துவிட்டு ஜன்னலில் குனிந்தார்.

“பன்னெண்டு தாண்டலியே என் வண்டி?”