மணியடிப்பவரின் காதுப் பஞ்சு

அந்தக் காலத்து அமெரிக்க ஊர் ஒன்றின் கோபுரத்தில் பெரிய மணி ஒன்று தொங்கியது. ‘எல்லோருக்கும் விடுதலை’ என்று அதன் உடம்பில் பொறித்திருந்தார்கள். அதை அடிப்பவர் அமோஸ், ஊர்த்தலைவரின் அடிமை.

சுதந்திர தினத்தன்று நூறு முறை ஒலித்து ஓய்ந்த மணி, கயிற்றிடம் பெருமையாகக் கேட்டது.

“அமோஸுக்கும் மனசு குளிர்ந்திருக்கும், இல்லே?”

கயிறு தயங்கியது. “அவர் காதுல பஞ்சு வச்சிருந்தார்.”

“ஐயோ, என் சத்தம் அவ்வளவு பெரிசா?”

“சத்தம் என்னைக்கும் இருக்கிறதுதானே. தினமும் நேரம் சொல்ல உன்னை அடிக்கிறப்ப வெறுங்காதோடதான் நிப்பார். இன்னிக்கு மட்டுந்தான் பஞ்சு.”

மணி தன் உடம்பில் பொறித்திருந்த எழுத்துகளைப் பார்த்தது.

மறுநாள் காலை அமோஸ் வெறுங்காதோடு வந்து கயிற்றைப் பிடித்தார். மணி அவருக்கு நேரத்தை மட்டும் மெல்லச் சொன்னது.