கல்லில் ஒரு வெள்ளைப் புள்ளி

கஃபூரி இரண்டையும் மேஜைமேல் அருகருகே வைத்தார்.

இடது பக்கம், மிரெல்லா எடுத்த புகைப்படம். வலது பக்கம், அவருடைய ஆலையின் 1961-ம் வருட மாதிரிப் புத்தகத்தில் ஒட்டியிருந்த பட்டுத் துண்டு.

அதே பாசிப் பச்சை. அதே துரு நிறக் கோடு. அதே இடத்தில் அது இரண்டாகப் பிரிந்தது.

"இது கல்லு," என்றாள் மிரெல்லா. "மலைமேல சர்ச்சுல நிக்குற தூண். என் கையால போட்டோ எடுத்தேன்."

"அப்போ அந்தக் கல்லு மலையிறங்கி வந்து, எங்க பீரோவத் திறந்து, இந்தப் புக்கைப் பாத்துக் காப்பி அடிச்சிருக்கு. அப்படித்தானே மேடம்?"

இரண்டு வருடம் கழித்து உலகம் எதை உடுத்தும் என்று இத்தாலியின் கோமோ நகரத்துப் பட்டு ஆலைகளுக்கு இன்றே சொல்வது மிரெல்லாவின் தொழில். இந்த முறை அவள் சொன்னது ஒரே வார்த்தை: கல். அதைச் சொல்லும் அவளுடைய புத்தகம் நாளை அச்சுக்குப் போகிறது. அட்டையில் இந்தப் படம். அதன் கீழே, 'மனிதக் கை படாத வடிவம்' என்று ஒரு வரி.

கஃபூரியின் கையில் போன் இருந்தது. திரையில் வக்கீலின் எண். திருடி என்று ஒரு தடவை பெயர் வந்தால் போதும், கோமோவில் எந்த ஆலையும் அவளுக்குக் கதவு திறக்காது.

"உங்க ஓவியர் அந்தத் தூணைப் பாத்து வரைஞ்சிருக்கலாமில்ல?"

அவர் பட்டில் கோடு பிரியும் இடத்தில் விரலை வைத்தார். கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. புகைப்படத்திலும் அது இருந்தது.

பட்டுத் துண்டின் கீழே மங்கிய மையில் எழுதியிருந்தது: 'அச்சுத் திரையில் அடைப்பு. சாயம் இறங்காமல் புள்ளி விழுந்துவிட்டது. சுருள் முழுவதும் விற்பனைக்கு இல்லை.'

மிரெல்லா மூன்று முறை படித்தாள்.

ஆலையில் நடந்த பிழை கல்லுக்குள் எப்படிப் போகும்?

"கிளம்புங்க," என்றாள். "இப்பவே போய்ப் பாத்துடலாம்."

காரில் போகும்போது மிரெல்லாவுக்குத் தன் கண்மேலேயே சந்தேகம் வந்தது. அக்கா மகன் கல்யாணத்தன்று ஆறாவது பெஞ்சில் உட்கார்ந்து, தூரத்திலிருந்தே எடுத்த படம் அது. எப்போதோ கஃபூரி ஆலையின் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மறந்துபோனேனா? கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே நூலின் ரகம் சொல்பவள், இப்போது எதை நம்புவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

தேவாலயத்துக்குள் ஜில்லென்றிருந்தது. தரை குளிர்ந்தது. பிடித்துக்கொண்ட பெஞ்சும் குளிர்ந்தது.

சுற்றிலும் கயிறு கட்டி, தூண் அங்கேயேதான் நின்றது. பாசிப் பச்சை. துருக் கோடு. வெள்ளைப் புள்ளி.

கஃபூரியின் முகம் மாறியது. "இது எப்படிங்க...?"

மிரெல்லா அண்ணாந்து பார்த்தாள். ஒரு கை உயரத்துக்கு மேலே இன்னொரு வெள்ளைப் புள்ளி. அதே அளவு தள்ளி, அதற்கு மேலே இன்னொன்று. உச்சிவரை.

எந்த மலை இப்படி அளந்து வைக்கும்?

கயிற்றைத் தாண்டினாள். உள்ளங்கையைத் தூணில் பதித்தாள்.

குளிரவில்லை.

"ஏம்மா! கையை எடுங்க, கையை எடுங்க!" துடைப்பத்தோடு ஓடி வந்தாள், தேவாலயத்தைப் பெருக்கும் பெண்மணி. "ஈஸ்டருக்குத்தான் துவைச்சுக் கஞ்சி போட்டுச் சுத்தினோம்!"

பிறகு பக்கத்தில் நின்றவரைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"அவங்களுக்குத்தான் தெரியாது. நீயாவது சொல்லக் கூடாதா தம்பி? உங்க தாத்தா சும்மா குடுத்த துணியாச்சே!"

கஃபூரி சத்தமில்லாமல் போனைப் பைக்குள் போட்டார்.

மிரெல்லா தன்னுடையதை வெளியே எடுத்தாள். அச்சகத்துக்கு. அட்டையில் அந்த ஒரு வரியை நீக்க வேண்டும்.